தீவுப்பக்கம், ஓட்டோவில்

சின்னப்பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போகிறவர்கள் எல்லாரும் ஒரே வட்டத்தில்தான் சுற்றுகிறார்கள்: நல்லூர், நூலகம், கோட்டை, கடைசியில் ஐஸ் கிறீம். நூலகத்தின் அருமை எனக்குத் தெரியும். நாலு வயதுக்காரனுக்குத் தெரியாது. கோட்டை மதிலில் ஏற்றிவிட்டால் அவன் பார்ப்பது கடலை. அந்தக் கடலுக்கு நடுவாலேயே ஒரு தெரு போகும்போது மதிலில் நின்று என்ன செய்கிறது?

வவுனியாவிலிருந்து எங்கள் ஓட்டோவில்தான் போனோம். ஏ9 வீதியால் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். "ஓட்டோவிலயா?" என்று கேட்டவர்களுக்கு என் கணவர் சொன்ன பதில், "வான் பிடிக்கிற காசுக்கு ரெண்டு தரம் போய் வரலாம்." விடிய முன்னம் வெளிக்கிட்டால் வெயில் ஏறுகிற நேரம் ஆனையிறவு தாண்டிவிடும். புட்டும் சம்பலும் வீட்டிலிருந்தே. கிளிநொச்சியில் தேத்தண்ணிக்கு மட்டும் நிறுத்தம். கொக்குவிலில் சித்தி வீடு இருந்ததால் தங்கற்செலவு இல்லை.

மறுநாள் காலை தீவுப்பக்கம். பண்ணைப் பாலத்தில் ஏறியதுமே இரண்டு பக்கமும் தண்ணீர். ஓட்டோவுக்குக் கதவு இல்லாதது அங்கேதான் பயன்பட்டது. காற்று நேரே முகத்தில். கரையிலிருந்து வெகுதூரத்தில், இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். கம்புகள் வரிசையாக நட்டு, அவற்றுக்கிடையே வலை கட்டியிருந்தது. சிறகுவலை. "அம்மா, அந்த மாமா கடலுக்க ஏன் நடக்கிறார்?" என்று பெரியவள் கேட்டாள். கடல் என்றால் ஆழம் என்று படித்த பிள்ளைக்கு, நடக்கக்கூடிய கடல் ஒன்று இருப்பது நம்பமுடியாத செய்தி. ஓட்டோவை ஓரங்கட்டினோம். வலைக்குள் கைவிட்டு அவர் மீனை எடுத்துப் பறிக்குள் போடும்வரை பிள்ளைகள் இருவரும் அசையவில்லை. நகரத்துப் பூங்காவில் ரிக்கற் எடுத்து ஊஞ்சலில் விட்டாலும் இவ்வளவு நேரம் இருந்திருப்பார்களா தெரியாது.

அல்லைப்பிட்டி, வேலணை தாண்டி இன்னொரு நீண்ட பாலத்தால் புங்குடுதீவு. வழிநெடுக ஆளில்லா வீடுகள். கூரை இல்லை, சுவர் இருக்கிறது. முன்விறாந்தையின் பூவேலைத் தூண்களுக்கிடையே வேம்பு வளர்ந்து நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் போன சனம் கொழும்பிலும் கனடாவிலும் சுவிஸிலும் பிரான்ஸிலும் வேர்விட்டுவிட்டது. "இது யார்ட வீடு?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் அவளே, "அவையளும் கனடாவோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

குறிகட்டுவான் இறங்குதுறையோடு தெரு முடிகிறது. ஓட்டோ இல்லாதவர்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் இதுவரை வரும். இங்கேதான் நாங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது: நெடுந்தீவா, நயினாதீவா? நெடுந்தீவுக்குக் கடலில் ஒரு மணித்தியாலம் அளவு; நயினாதீவுக்கு அதில் மூன்றிலொரு பங்கு நேரம் போதும். நெடுந்தீவில் குதிரைகள் காட்டாய்த் திரிகின்றன, பவளக்கல் அடுக்கிய வேலிகள், பழைய கோட்டை, வயதான பெருக்க மரம் எல்லாம் உண்டு. ஆனால் படகு நேரத்துக்குக் கட்டுப்பட்டு, வெயிலில் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினால் குதிரையும் தெரியாது, மரமும் தெரியாது. சோழகக் காற்றுக் காலத்தில் அந்தக் கடல் இன்னும் மோசம். நாங்கள் போனது கடல் அடங்கிக் கிடக்கிற ஏப்ரலில், அப்படியிருந்தும் விட்டுவிட்டோம்.

நெடுந்தீவுப் படகென்றால் எங்கள் வயதுக்காரருக்குக் குமுதினிதான் ஞாபகம். 1985 மே 15 அன்று அந்தப் படகில் போன பயணிகள் 30 பேருக்கு மேல், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. இவரும் நானும் அந்தத் திசையைப் பார்த்துவிட்டு நயினாதீவு வரிசையில் நின்றோம்.

படகில் ஏறியதும் ஒரு ஐயா, "பிள்ளையை விளிம்பில விடாதேங்கோ, உள்ளுக்க இருத்துங்கோ," என்றார். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள்; சின்ன அளவு இல்லாவிட்டால் பிள்ளை உங்கள் மடியில்தான். இருத்தினால் சண்டை: கடல் தெரிகிற பக்கம் யாருக்கு? ஓட்டோவிலும் காலையிலிருந்து இதே வழக்குத்தான். நல்லவேளை, போகிற இடமே அப்படிப்பட்ட இடம். மகோதரன், சூளோதரன் என்ற இரண்டு நாக அரசர்கள், மாமனும் மருமகனும், ஒரு மணியாசனத்துக்காகப் படையோடு நின்ற தீவு இது என்றும், புத்தர் வந்து சமாதானம் செய்துவைத்தார் என்றும் மகாவம்சம் சொல்கிறது. "கடைசியில ஆர் இருந்தது?" என்றான் மகன். "புத்தர்தான் இருந்தார்," என்றதும் இரண்டு பேருக்கும் முகம் விழுந்துவிட்டது.

நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் இடையே நடந்தே போய்விடலாம். வெள்ளை உடுத்து வந்த சிங்களக் குடும்பங்கள் அம்மனையும் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கோயிலில் பிள்ளைகளைப் பிடித்துவைத்தது சிலைகளை விட நாகத்தின் கதை. வாயில் பூவோடு அம்மனுக்காகக் கடலில் நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறிக்க, அது ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டதாம். கருடன் இருந்த கல் வேறாம். இரண்டு கல்லும் கடலில் இன்றும் இருக்கின்றன என்று சொன்னதுதான் தாமதம், திரும்பும் வழி முழுக்கத் தென்பட்ட பாறையெல்லாம் பாம்புக்கல்.

மத்தியானச் சாப்பாடு அமுதசுரபி அன்னதான மண்டபத்தில். மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. பந்தியில் இருந்தால் சோறு, பருப்பு, மரக்கறிகள் வரும். காசு கேட்க எவருமில்லை. வீட்டில் பூசணிக்காயைத் தொடாத மகன் இங்கே இரண்டாந்தரம் கேட்டான். ஆனால் ஒன்று: செலவைக் குறைக்க வந்தவர்கள் அந்தப் பந்தியை உணவகக் கணக்கில் சேர்க்கக்கூடாது. மண்டபத்துக்கென்று முடிந்ததைக் கொடுத்துவிட்டு எழும்புவதுதான் முறை. சமைக்கிறவர்களுக்கும் அரிசிக்குக் காசு வேண்டும்.

திரும்பி வேலணைப் பக்கமாய் வந்து ஊர்காவற்துறைக்குப் பிடித்தோம். அங்கிருந்து காரைநகருக்கு 'பாதை' ஓடுகிறது; மிதக்கும் தட்டு, சனமும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாய் ஏறலாம். சில நாள் பழுதாகி நின்றுவிடும், ஆகையால் முதலே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. எங்கள் நாளில் ஓடியது. எங்கள் ஓட்டோவும் அதில் ஏறியதைப் பிள்ளைகள் இன்னும் ஊரெல்லாம் சொல்கிறார்கள். வாகனத்துக்குள் இருந்துகொண்டே கடலைக் கடப்பது லேசான காரியமா? எங்களிடம் காசும் வாங்கவில்லை. நடுக்கடலில் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கடற்கோட்டை தெரிந்தது. இப்போது கடற்படை அதைத் தங்குவிடுதியாக நடத்துகிறது. எங்கள் கணக்குக்கு அடங்காத அறை, பார்க்கக் காசில்லை.

காரைநகர் கசூரினாவில் பிள்ளைகள் இருட்டும்வரை தண்ணீரில் கிடந்தார்கள். முழங்காலளவுக்கு மேல் போக வெகுதூரம் நடக்க வேண்டிய கடற்கரை, ஆதலால் நாங்களும் கொஞ்சம் மண்ணில் சாயலாம். பிறகு பொன்னாலைப் பாலத்தால் கொக்குவில்.

இரவு இவர் கணக்குப் பார்த்தார். பெற்றோலுக்கு அடுத்த பெரிய செலவு, கடைசியில் தப்பமுடியாமல் போன நல்லூரடி ஐஸ் கிறீம். நெடுந்தீவைப் பற்றிக் கேட்டதற்கு, "இவன் ஒரு மணித்தியாலம் ஓரிடத்தில இருக்கப் பழகட்டும், பாப்பம்," என்று கொப்பியை மூடினார்.