கோழிக்கூடு ஓடிய கதை

எங்கள் வீட்டின் பின்புறத்தில் பதினான்கு ஆண்டுகளாக ஒரு கோழிக்கூடு நின்றுகொண்டிருந்தது. அதற்கு நான்கு சக்கரங்களும் ஒரு ஸ்டியரிங்கும் இருந்தன என்பதுதான் மற்றக் கோழிக்கூடுகளுக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை. ஆசனத்தின் மேல் கோழிகள் அடைகாத்தன. பின்தட்டில் என் இல்லாள் விறகு அடுக்கினாள். மழைக்காலத்தில் அதன் அடியில் எங்கள் நாய் குடியிருந்தது. ஆகவே அது பயனற்றுக் கிடந்தது என்று எவரும் குறைகூற முடியாது. ஆயினும் அதைக் காணும்போதெல்லாம் நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். அதற்குக் காரணம் வண்டியன்று, மனிதர்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பட்டிப்பொல எங்கே இருக்கிறது என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து பதுளை செல்லும் இருப்புப் பாதையில், நானுஓயாவையும் அம்பேவலையையும் தாண்டினால் வருவது எங்கள் ஊர். இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் எங்களுடையதுதான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,890 மீற்றர். ஒரு பக்கம் தேயிலை. மறுபக்கம் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு. தை மாதத்துச் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி வெள்ளைத் துணி விரித்தாற்போல் கிடக்கும். பார்ப்பதற்கு அழகு, கிழங்குச் செடிக்கோ அது நெருப்பு. இத்தகைய ஊரில் வண்டி என்பது ஆடம்பரப் பொருள் அன்று. பறித்த மரக்கறி வாடுமுன் சந்தைக்குப் போவதும், பிரசவ வேதனைப்படும் பெண் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவதும் வண்டியினால்தான்.

எங்கள் கோழிக்கூட்டின் உண்மையான பெயர் லாண்ட் ரோவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் இங்கிலாந்தில் உருக்குக்குப் பெருந்தட்டுப்பாடு. அவ்வேளையில் பண்ணை வேலைக்கு ஏற்ற ஒரு வண்டியை அமைக்க முற்பட்டவர்கள், அடிச்சட்டத்தை உருக்கினால் செய்து, உடலின் பெரும்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டினால் மூடினார்கள். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாக உலகத்தார் கண்ணில் பட்டது. தட்டுப்பாட்டில் பிறந்த பிள்ளை என்பதாலோ என்னவோ, தட்டுப்பாடு உள்ள இடங்களிலெல்லாம் அது நீண்ட காலம் உழைத்தது. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூவுக்கு ஏறும் கற்பாதையிலும், மலேசியாவில் கெமரன் மலையின் மரக்கறித் தோட்டங்களிலும் அறுபது ஆண்டு கடந்தும் இவ்வண்டிகள் ஓடியிருக்கின்றன. எங்களுடையது 1958இல் வெளிவந்த இரண்டாம் வரிசையைச் சேர்ந்தது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 109 அங்குலம். நான்கு சிலிண்டர்களும் 2,286 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடைய பெற்றோல் இயந்திரம். முன்னே மூவர் அமரும் அறை, பின்னே திறந்த தட்டு.

1960ஆம் ஆண்டில், நான் பிறந்த அதே வருடத்தில், அது புதிதாக எங்கள் தோட்டத்துக்கு வந்து இறங்கியது. அதன் சாரதி என் தந்தை. தோட்டத்துத் துரைமார் மாறினார்கள். 1975இல் தோட்டமே அரசாங்கத்தின் உடைமையாயிற்று. சாரதி மட்டும் மாறவில்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கைச்சாத்தானதன் பின்னர், இந்தியாவுக்குப் பதியப்பட்ட குடும்பங்களின் தகரப் பெட்டிகளை லயத்திலிருந்து புகையிரத நிலையத்துக்கு ஏற்றிச் சென்றதும் இவ்வண்டியே. தலைமன்னாருக்குப் போன அந்த இரயிலை எங்கள் சனங்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள். என் பெரியப்பாவின் பெட்டியையும் என் தந்தையே ஏற்றினார். அன்று திரும்பி வந்தவர், வண்டியை விட்டு இறங்காமல் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

1986இல் தோட்டம் இவ்வண்டியைப் பாவனைக்கு உதவாதது என்று கழித்தபோது, சேமித்த பணத்தைக் கொடுத்துத் தந்தை அதை வாங்கினார். அதன் பின் இருபது வருடங்கள் ஊராரின் மரக்கறியை ஏற்றினார். அவருடைய கைகள் என்றும் கறுப்பு. எத்தனை தேய்த்தாலும் நகத்தடியில் கிரீஸ் போகாது. “ஒன் கை கறுக்கக் கூடாதுடா” என்பதே அவர் எனக்குத் தந்த ஒரே உபதேசம். நான் கேட்டு நடந்தேன். விஞ்ஞான ஆசிரியனானேன். முப்பத்தைந்து வருடங்கள் சோக்குக் கட்டியைத் தவிர வேறொன்றும் என் விரலில் படியவில்லை. திங்கட்கிழமை தோறும் மாணவர்களை வரிசையில் நிறுத்தி நகங்களைப் பரிசோதிப்பேன். கறுப்பு நகம் கண்டால் குழாயடிக்கு அனுப்பிவிடுவேன்.

2006இல் வண்டி நின்றது. மறு ஆண்டு தந்தையும் மறைந்தார். அதற்கடுத்த ஆண்டில் என் ஒரே மகன், சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை முடித்துக்கொண்டு, கொழும்பில் ஒரு கராஜுக்கு வேலைக்குப் போகப்போவதாக அறிவித்தான். ஆசிரியர் மகன் ஸ்பானர் பிடிப்பதா? “ஒன் தாத்தா கறுத்த கையோட செத்தார். அதக் கழுவத்தான் நான் படிச்சேன். நீ திரும்பவும் அழுக்காக்கப் போறியா?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கோச்சியேறினான். தீபாவளிக்கு வருவான், தாயோடு பேசுவான், எனக்கு வேட்டி வைத்துவிட்டுப் போவான். பன்னிரண்டு ஆண்டுகள் எங்களுக்குள் ‘சாப்பிட்டீங்களா’, ‘சாப்பிட்டேன்’ என்பதற்கு மேல் பேச்சில்லை.

2020இல் பெருந்தொற்று வந்தது. அவன் வேலை செய்த இடத்தைப் பூட்டினார்கள். அதே மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அக்கதவு மீண்டும் திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. பழைய வண்டிகளின் விலை ஏறத் தொடங்கியது. ஊருக்குத் திரும்பிய மகன் ஒருநாள் என்னிடம் நேராக வந்து, “அப்பா, கோழிக்கூட்ட எனக்குத் தாறீங்களா?” என்று கேட்டான். பன்னிரண்டு ஆண்டுகளில் அவன் என்னிடம் கேட்ட முதற்பொருள் அது. “எடுத்துக்கொள்” என்றேன். “கோழியாவது முட்டையிடுகிறது, நீங்கள் கை வைத்தால் அதுவும் போகும்” என்று இல்லாள் எதிர்த்தாள். அவளுடைய வாதத்தில் நியாயம் இருந்தது.

முதலில் இயந்திரம் அசைய மறுத்தது. பிஸ்டன்கள் சிலிண்டரோடு துருவேறி இறுகியிருந்தன. பிளக்குகளைக் கழற்றி, அத்துவாரங்களின் வழியே மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து ஊற்றினான். பத்து நாட்கள் ஊறவிட்டான். பலவந்தம் செய்தால் ஏதாவது முறியும் என்றான். ஒவ்வொரு காலையும் முன்புறத்துக் கைப்பிடியைச் சிறிதளவு அழுத்திப் பார்ப்பான், அசையாவிட்டால் விட்டுவிடுவான். என் மகனுக்கு இத்தனை பொறுமை உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். பதினோராம் நாள் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. நான் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன்.

அதன் பின் நான் வெளியே வந்து நின்றேன். பின்னர் விளக்குப் பிடித்தேன். பின்னர் திருகாணிகளை வகைப்படுத்தித் தேங்காய்ச் சிரட்டைகளில் போட்டேன். பெற்றோல் தாங்கிக்குள் சிறு கூழாங்கற்களும் மண்ணெண்ணெயும் இட்டு, இருவரும் இரு பக்கம் பிடித்துக் குலுக்கித் துருவை உதிர்த்தோம். பிரேக் சிலிண்டர்களுக்கும் ரப்பர் வளையங்களுக்கும் அவன் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினான்.

உடலின் தகடுகளைக் கழற்றியபோதுதான் எனக்கு ஒரு பாடம் காத்திருந்தது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பியிருந்தோம். ஆனால் அலுமினியத் தகடு உருக்குச் சட்டத்தைத் தொட்ட இடங்களிலெல்லாம் அது வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. மகன் காரணம் கேட்டான். அட, இதை நான் கரும்பலகையில் எத்தனை தரம் வரைந்திருக்கிறேன்! இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட, இடையே உப்புக் கலந்த ஈரம் தங்கினால் அங்கே ஒரு சிறு மின்கலம் பிறக்கிறது. இரண்டில் எது தாக்குதிறன் கூடியதோ அது கரையும். உருக்கும் அலுமினியமும் சந்தித்தால் கரைவது அலுமினியமே. எங்கள் ஊர் மழையும், உர மூட்டைகளிலிருந்து சிந்திய உப்பும் அந்த வேலையைச் செய்திருந்தன. படம் வரைந்து கற்பித்த நான் அதன் உண்மை உருவத்தை அறுபது வயதில்தான் கண்ணால் கண்டேன்.

ஆசனத்துக்குக் கீழே தரைத்தகட்டில் மட்டும் ஆறேழு இடங்கள் பழுதின்றி இருந்தன. அங்கெல்லாம் தேயிலைப் பெட்டியின் விளிம்புத் தகரத்தை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டை நெம்பியதும் அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. பழைய ரயர் டியூபை அளவாக வெட்டி, உலோகம் உலோகத்தைத் தொடாதபடி இடையே வைத்திருந்தார் என் தந்தை. ஒவ்வோர் ஒட்டிலும் அப்படியே. ஓரங்கள் கத்தரித்த காகிதம்போல் நேராக இருந்தன.

மகன் அந்த ரப்பர்த் துண்டைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். “தாத்தா வேல செஞ்ச இடமெல்லாம் அப்படியே இருக்குப்பா. மத்த இடந்தான் போயிருக்கு. தாத்தா பெரிய மெக்கானிக்” என்றான்.

நான் பேசவில்லை. மின்கலம் என்ற சொல்லை அறியாத மனிதர், அதை நிறுத்தும் வழியை அறிந்திருந்தார். அவர் பள்ளியில் படித்தவரல்லர். ஈரம் எங்கே தங்குகிறது என்று குனிந்து பார்த்தவர். ‘கறுத்த கை’ என்று நான் வெட்கப்பட்ட கை செய்த வேலை அது. அதே கண்ணும் கையும் ஒரு தலைமுறை தாண்டி என் மகனிடம் வந்திருந்தன. நடுவில் நின்ற நான்தான் அவற்றைக் காணவில்லை. அன்றிரவு உணவின்போது, “அன்னைக்கி ஒன்னய அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றேன். அவன் சோற்றைப் பிசைந்தபடி, “பழைய கதைய விடுங்கப்பா” என்றான். இல்லாள் எழுந்து போய் இன்னொரு முட்டை பொரித்துக் கொண்டுவந்தாள்.

நானும் முற்றிலும் உதவாதவன் அல்லன் என்பதற்கு ஒரு சான்று சொல்லவேண்டும். வண்டியின் ஆங்கிலக் கைந்நூல் ஒன்று தந்தையின் பெட்டியில் இருந்தது. இரவில் அதைப் படித்து மகனுக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பேன். இக்காலத்து வண்டிகளில் பற்றரியின் எதிர்முனையை உடலோடு இணைப்பார்கள். எங்கள் வண்டியிலோ நேர்முனையை இணைக்கவேண்டும். பழக்கத்தினால் மகன் மாற்றி இணைக்கப் போன வேளையில், “பொறு” என்று தடுத்தேன். கைந்நூலை வாங்கிப் படத்தைப் பார்த்தவன், “வாத்தியார் தப்பிக்க வச்சிட்டார்” என்றான். அப்பட்டத்தை நான் பெருமையோடு ஏற்றுக்கொண்டேன்.

பாருங்கள் விதியின் விளையாட்டை. 2022இன் நடுப்பகுதியில் இயந்திரம் தயாரானபோது நாட்டில் பெற்றோல் இல்லை! நிரப்பு நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் மக்கள் காத்துக் கிடந்த காலம். அயல்வீட்டுப் பையன் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு போத்தல் எடுத்துத் தந்தான். “ஓடலன்னா திருப்பித் தரணும்” என்பது நிபந்தனை. மகன் கைப்பிடியைச் சுற்றினான். மூன்று தரம் இருமிற்று. நான்காம் முறை பின்னாலிருந்து கரும்புகை எழ, கோழிகள் நாற்புறமும் பறக்க, அந்தப் பழைய ஓசை லயத்து வாசல்களையெல்லாம் திறந்தது. “டிரைவர் ஐயா வண்டி!” என்று ஒரு முதிய பெண் உரக்கச் சொன்னாள். கோழிக்கூடு என்ற பெயர் அந்தக் கணத்தோடு ஒழிந்தது.

புகைப் பரிசோதனை, அனுமதிப்பத்திரம், காகிதங்கள் என மேலும் சில மாதங்கள் சென்றன. முதற்பயணமாக அயலவரின் கரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனோம். போகும் வழியில் ஓர் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. காபுரேட்டருக்குள் ஒரு துரும்பு. மகன் இறங்கு என்று சொல்லவில்லை. நானே இறங்கி, சிறு குழாயைக் கழற்றி, ஊதி, மீண்டும் பூட்டினேன். அவன் கைகட்டி நின்று பார்த்தான்.

அன்று மாலை குழாயடியில் கை கழுவினேன். மண்ணெண்ணெயிட்டுத் துடைத்தேன், சவர்க்காரமிட்டுத் தேய்த்தேன். நகத்தடியில் கறுப்பு போகவில்லை. திங்கட்கிழமைகளில் நான் குழாயடிக்கு அனுப்பிய பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவில் எழுந்தன. விடியற்காலையில் தாயோடு கிழங்குப் பாத்தியில் மண் கிளறிவிட்டுப் பாடசாலைக்கு ஓடிவந்த பிள்ளைகள் அவர்கள். ஒருவனிடமாவது, ‘இந்தக் கறுப்பு எப்படி வந்தது?’ என்று நான் கேட்டதில்லை. இப்பொழுது அவர்களில் எவரையேனும் பாதையில் கண்டால் வண்டியை நிறுத்தச் சொல்லி ஏற்றிக்கொள்கிறேன். ஏன் என்று மகன் கேட்பதில்லை.

கோழிகளுக்கு அவன் பலகையினால் வேறொரு கூடு செய்துகொடுத்தான். முதல் மூன்று நாட்களும் அவை அதில் ஏற மறுத்துவிட்டன.