இடப்புறத்தில் எவ்வளவு இடம்?

பம்பாய் என்று அந்நாளில் வழங்கிய மும்பை நகரில், மாதுங்காப் பகுதியில், முப்பது ஆண்டுகளாக நாம் குடியிருந்து வருகிறோம். மின்சார ரயிலும் பஸ்ஸும் காலடியில் இருக்கும் ஊரில் சொந்தக் கார் எதற்கு என்று அவ்வளவு காலமும் இருந்துவிட்டோம். சென்ற ஆண்டு, எழுபத்தெட்டு வயதான நம் தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு கண்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் சிகிச்சைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. ஒரு நாள் மாலை, சிகிச்சை முடிந்து வந்தவர், டாக்சி கிடைக்கும்வரை நிற்க இயலாமல் ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிரவே, ஐம்பத்திரண்டாம் வயதில் கார் ஓட்டக் கற்பதென்று முடிவு செய்தோம்.

பயிலுநர் லைசென்ஸ் ஆறு மாதங்களுக்குச் செல்லும். வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்தைத் தாங்கிய பயிற்சிப் பள்ளிக் கார் காலை ஆறு மணிக்கெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். ஆசிரியர் மராட்டிய இளைஞர். அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டென்பதே முதல் வாரத்தில் நமக்கிருந்த ஒரே ஆறுதல்.

அவர் நம்மை அழைத்துச் சென்ற இடம் ஐந்து தோட்டம். 'ஃபைவ் கார்டன்ஸ்' என்றால் மாதுங்காவில் குழந்தையும் வழி சொல்லும். 1896-இல் நகரைப் பிளேக் நோய் சூறையாடியபின், நெரிசலைத் தளர்த்துவதற்கென 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்று அமைந்தது. காற்றும் வெளிச்சமும் தடையின்றிப் புகவேண்டுமென்று அது வகுத்த திட்டத்தின் பயனே தாதர், மாதுங்கா வட்டாரத்தின் அகன்ற சாலைகளும் பூங்காக்களும். அருகேயுள்ள பார்சி காலனியை உருவாக்கிய பொறியாளர் மன்சேர்ஜி ஜோஷியின் பெயரை இத்தோட்டங்கள் தாங்கி நிற்கின்றன. வீட்டுக்கு வீடு இடைவெளி விட்டுக் கட்டிய அவ்விடத்தில், முதிய மரங்களின் நிழலில், வண்டிக்கு வண்டி இடைவெளி விடும் பாடத்தை நாம் தொடங்கினோம்.

கிளட்ச்சும் கியரும் பத்து நாளில் கைவந்தன. கைவராதது ஒன்றே. காரின் இடப்பக்கம் எங்கே முடிகிறது என்பதை நம்மால் உணர முடியவில்லை. அமர்ந்திருப்பதோ வலப்புறம், இடப்புற விளிம்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. நடந்தும் சைக்கிளில் சென்றும் பழகிய உடம்பு, தானே சாலைத் தடத்தின் நடுவில் இருக்க விரும்புகிறது. அந்த ஆசைக்கு இணங்கினால் கார் இடப்புறம் ஒதுங்கிவிடுகிறது.

கணக்கு எளியதுதான். நம் நாட்டில் ஒரு தடத்துக்கு விதித்த அகலம் 3.5 மீட்டர். சிறிய காரின் அகலம் ஏறக்குறைய 1.5 மீட்டர். நடுவில் சென்றால் இருபுறமும் ஒவ்வொரு மீட்டர் மிஞ்சும். ஓட்டுபவரின் இருக்கையோ காரின் நடுக்கோட்டுக்கு ஓரடிக்கு மேல் வலப்புறம் தள்ளியிருக்கிறது. ஆகவே நம் உடம்பை நடுவில் நிறுத்தினால், இடப்புற இடத்தில் மூன்றில் ஒரு பங்கு நாம் அறியாமலே பறிபோய்விடும்.

"காகா, இறங்கிப் பாருங்கள்" என்பார் ஆசிரியர். நடைபாதைக்கு ஓரடி தள்ளி நிறுத்தியதாக எண்ணி இறங்கினால், மூன்றடி இருக்கும். மற்றொரு நாள் சக்கரம் கல்லை முத்தமிட்டுக்கொண்டிருக்கும். சரியான தூரத்தில் நின்ற ஒரு நாள், மீண்டும் ஏறி அமரச் சொன்னார். நடைபாதை விளிம்பு முன்கண்ணாடியின் எந்த இடத்தில் பானெட்டைத் தொடுவதுபோல் தெரிகிறது என்று காட்டினார். ஆளின் உயரத்துக்கும் இருக்கையின் அமைப்புக்கும் ஏற்ப அந்த இடம் மாறும். ஆதலால் அவரவர் குறியை அவரவரே கண்டுகொள்ள வேண்டும். "பானெட்டைப் பார்க்காதீர்கள், தொலைவில் பாருங்கள். கண் போகும் இடத்துக்கே கை போகும்" என்பதும் அவர் வாக்கே. கண்ணை நூறடிக்கு அப்பால் வைத்த அன்றே வண்டியின் தள்ளாட்டம் நின்றது.

பிறகு மகேஷ்வரி உத்யான் என்ற பெயர் பெற்றும் இன்றும் கிங்ஸ் சர்க்கிள் என்றே வழங்கும் வட்டத்துக்கு வந்தோம். முன்னாளில் டிராம் வண்டிகள் இவ்வட்டம்வரை வந்து திரும்பின. 1964 மார்ச் 31-ஆம் நாளோடு மும்பையில் டிராம் ஓய்ந்தது. இடமும் வலமும் எவ்வளவு என்ற கவலை டிராம் ஓட்டியவருக்கு இருந்திராது, தண்டவாளம் பார்த்துக்கொண்டது. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சற்றுத் தள்ளியிருக்கும் ரயில் பாலத்தின் அடியில், வண்டியின் உயரத்தை மறந்து வந்த லாரிகள் சிக்கி நிற்பதுண்டு. ஆண்டுக்கணக்காக ஓட்டுபவர்களுக்கே அளவு தவறுகிறது என்று அதைக் கண்டு சற்றே தேறினோம்.

நிற்க. தேர்வில் தேறினோம், பழைய சிறு கார் ஒன்றும் வாங்கினோம். தாயாரை இடப்புற இருக்கையில் அமர்த்திப் புறப்பட்ட இரண்டாம் வாரம் அது நிகழ்ந்தது. மாதுங்காச் சந்தையோரம் எதிரே ஒரு பஸ் வந்தது. அஞ்சி இடப்புறம் ஒதுங்கினோம். 'படார்' என்றொரு சத்தம். இடப்பக்கக் கண்ணாடி மடங்கிற்று. மல்லிகைக் கூடை ஒன்று சாலையில் கவிழ்ந்தது. பூத்தொடுத்துக்கொண்டிருந்த நம்மூர் அம்மாள் கையை இழுத்துக்கொள்ள ஒரு கணம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ண இன்றும் நடுங்குகிறோம்.

இறங்கிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். சிந்திய பூவுக்கான விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, "வண்டியில பெரியவங்க இருக்காங்க, பாத்துப் போங்க சார்" என்றார் அவர். வீடு சேரும்வரை தாயார் ஒன்றும் பேசவில்லை. சேர்ந்தபின் மெல்லச் சொன்னார்: "உன் பக்கம் வந்த பஸ்ஸைப் பார்த்தாய். என் பக்கம் இருந்தவளைப் பார்க்கவில்லையேடா."

மறுநாள் முதல் பத்து நாட்கள், விடியற்காலையில், மீண்டும் ஐந்து தோட்டத்துக்குச் சென்று பழகினோம். ஓட்டுபவரின் அச்சம் எப்போதும் தன் பக்கத்து ஆபத்தையே பார்க்கிறது. காணாத பக்கத்தில் உள்ளவர் அதற்கு விலை கொடுக்கிறார். ஒதுங்க இடமில்லையென்றால் ஒதுங்கக்கூடாது. வேகத்தைக் குறைத்து நின்றுவிட வேண்டும். இடம் குறையக் குறைய வேகமும் குறைய வேண்டும் என்பதே அந்தப் பத்து நாளில் நாம் கற்றது.

முன்புறத்துக்கும் இதே நியாயம்தான். 2013-இல் திறந்த ஈஸ்டர்ன் ஃப்ரீவே வழியே தெற்கே செல்லும்போது இதை உணர்கிறோம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 17 மீட்டர் கடந்துவிடும். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்தபின் இரண்டு விநாடியாவது கழித்தே நாம் அதைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் அதிகம் வேண்டும். அப்படி விட்ட இடத்தில் வேறொருவர் புகுந்துவிடுவார் என்பது உண்மையே. புகட்டும், நாம் மீண்டும் சற்றுப் பின்தங்கினால் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிமிடம் பிந்திப் போவதில் தவறில்லை.

இப்போது தாயாரே நமக்கு இடப்புறக் கண். "இன்னும் ஒரு முழம் இருக்கிறது", "அரை முழம்தான், நில்" என்று பூ அளக்கும் கணக்கில் சொல்லிக்கொண்டே வருகிறார். சந்தையைக் கடக்கும்போது அந்தப் பூக்கார அம்மாள் நம் காரைக் கண்டதும் கூடையைச் சற்று உள்ளே இழுத்துக்கொள்கிறார், பிறகு சிரிக்கிறார். கூடையை அவர் இழுக்காமல் விடும் நாளில்தான் நமக்கு உண்மையாக லைசென்ஸ் கிடைத்ததாகக் கொள்வோம்.