மண்ணுக்கும் பசிக்கும்!

அமெரிக்காவின் வடக்குக் கோடியில், கனடா எல்லையை ஒட்டி, வடக்கு டகோடா என்று ஒரு மாநிலம். அதன் தலைநகர் பிஸ்மார்க். பெயரிலேயே ஜெர்மன் வாடை அடிக்கிறதல்லவா? ரயில் பாதை போட்டவர்கள், ஜெர்மானியர்களின் பணத்தை ஈர்ப்பதற்காக 1873-ல் அந்த நாட்டுப் பிரதமரின் பெயரையே ஊருக்குச் சூட்டிவிட்டார்கள்! பக்கத்திலேயே மிசௌரி நதி ஓடுகிறது. ஆனாலும் வறண்ட பூமிதான். வருஷத்துக்கு 16, 18 அங்குலம் மழை பெய்தால் பெரிது. ஜனவரி ராத்திரிகளில் குளிர் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த ஊருக்குத் தேடிக்கொண்டு போனார் கிறிஸ்டின் ஓல்சன் என்ற பெண்மணி. எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளத்துக்கு இல்லாமல், சுதந்திரமாக எழுதிப் பிழைப்பவர். காபூலில் நடந்த பெண்கள் அழகுக்கலைப் பள்ளியைப் பற்றிய புத்தகத்தில் இவர் கையும் உண்டு. அப்படிப்பட்டவர் மண்ணைப் பற்றி எழுத வந்தார்! 'மண் நம்மைக் காப்பாற்றும்' என்ற பொருள்படும் அவருடைய புத்தகம் 2014-ல் வெளியானது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்.

பிஸ்மார்க்கில் அவர் பார்த்தது கேப் பிரவுன் என்ற விவசாயியின் பண்ணை. பிரவுன் டவுனில் வளர்ந்த பிள்ளை. 1991-ல் மாமனார் நிலத்தை வாங்கி விவசாயத்தில் இறங்கினார். 1995-ல், அறுவடைக்கு முந்தின நாள் ஆலங்கட்டி மழை! கோதுமை அத்தனையும் நாசம். 1996-லும் ஆலங்கட்டி. 1997-ல் வறட்சி. 1998-ல் மறுபடியும் ஆலங்கட்டி! உரம் வாங்கக்கூடக் கடன் கிடைக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வெளியே வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டினார்கள்.

ஆனால் பாருங்கள், அந்தக் கஷ்டத்திலேதான் வழி பிறந்தது. சாய்ந்த பயிர் நிலத்தின் மேலேயே கிடந்து மக்கியது. உழவை அவர் முன்பே நிறுத்தியிருந்தார். கொஞ்ச காலத்தில் மண்ணில் மண்புழு தலைகாட்டியது! அவர் பிடித்துக்கொண்டார். பல வகைப் பயிர்களைக் கலந்து விதைத்து, நிலத்தை வெறுமையாக விடாமல் மூடிவைத்தார். மாடுகளை இடம் மாற்றி மாற்றி மேய விட்டார். அன்று 2 சதவிகிதத்துக்கும் குறைவாக இருந்த மண்ணின் மக்குச் சத்து, பிற்பாடு 5 சதவிகிதத்தைத் தாண்டியது. மணிக்கு அரை அங்குல மழையைக் குடிக்கவே திணறிய நிலம், 8 அங்குலத்தையும் குடிக்கத் தொடங்கியது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. செடி வெயிலில் சமைக்கிற சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்குப் பரிமாறுகிறது. அவை பதிலுக்குத் தாதுச் சத்துகளைக் கொண்டுவந்து கொடுக்கின்றன. ஒரு டீஸ்பூன் நல்ல மண்ணில் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கும். இத்தனை வாய்க்கும் சோறு போடச் செடி வேண்டாமா? நிலத்தை மொட்டையாக விட்டால் அத்தனையும் பட்டினி!

உங்கள் வீட்டு மண் எப்படி என்று பார்க்க வேண்டுமா? புல் வளர்ந்த இடத்திலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டி, அடிக்கடி கொத்துகிற வெற்றிடத்திலிருந்து இன்னொன்று எடுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பழைய டீ வடிகட்டியில் வைத்து மெல்ல இறக்குங்கள். உயிருள்ள மண் அப்படியே நிற்கும். நுண்ணுயிர்கள் சுரக்கிற பசைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. உயிரற்றது சட்டென்று கரைந்து கலங்கிவிடும். மழையில் அடித்துக்கொண்டு போவதும் அந்த மண்தான்.

கரைந்தால் கவலைப்படாதீர்கள். கொத்துவதைக் குறையுங்கள். பெருக்கிக் கொளுத்துகிற சருகைச் செடியடியில் பரப்புங்கள். தொட்டியில் ஒரு செடி ஓய்ந்தால் உடனே இன்னொன்றை வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் வேளாவேளைக்குச் சோறு போடுகிறவர்கள் நாம். காலடியில் இருப்பவளையும் கொஞ்சம் கவனிப்போமே!