உம்மாவும் மேயரின் பக்கமும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ள உறவுகள் வாசியுங்கள்.

இஷா தொழுது சாப்பாடும் முடிந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழமை இருக்கிறது. உம்மா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்னவாம் புள்ள, மேயர் இண்டைக்கு என்னத்தச் சொல்லிரிக்கார்?" என்று கேட்பா. எங்கள் ஊர் மாநகரம் இல்லை. இங்கே மேயரும் இல்லை, தவிசாளர்தான். ஆனால் உம்மாவுக்குச் சபையின் பெரிய கதிரையில் யார் இருந்தாலும் அவர் மேயர்தான். எத்தனையோ தரம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது நானும் மேயர் என்றே சொல்கிறேன்.

உம்மாவின் ஒரு கண்ணில் படலம். எழுத்துத் தெரியாது. அதனால் மேயரின் பேஸ்புக் பக்கத்தை நான் சத்தமாக வாசிக்க வேண்டும். கடைசி வரை கேட்டுவிட்டு, "நம்மட கானப் பத்தி ஒண்டும் இல்லயா?" என்பா. இல்லை என்றதும் எழுந்து படுக்கப் போய்விடுவா.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க இருந்த தேர்தல் நடக்கவில்லை. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் வாக்குப் போட்டோம். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் சபையைப் பார்த்தது அதிகாரிகள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் லைட் எரியாவிட்டால் யாருடைய வீட்டு வாசலில் போய் நிற்பது என்று ஊருக்குத் தெரியாமல் இருந்த காலம் அது. அதனால் ஜூனில் புதுச் சபை தொடங்கி, மேயர் ஒவ்வொரு நாளும் பக்கத்தில் எழுதத் தொடங்கியதும் நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். எங்கள் ஒழுங்கைப் பெண்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியதும் நான்தான்.

நல்ல பதிவுகளும் வந்தன. ஒரு நாள் படம் எதுவும் இல்லாமல் நாலே வரி. குப்பை அள்ளும் உழவு இயந்திரம் பழுது, பார்ட்ஸ் வரும்வரை குறிப்பிட்ட வீதிகளுக்கு வர முடியாது, மீன் கழிவை வெளியே வைக்காமல் வளவில் புதையுங்கள், மன்னியுங்கள் என்று இருந்தது. அன்றைக்கு உம்மா, "இது மனிசன்" என்றா. அந்தப் பதிவுக்கு லைக் விழுந்தது மிகக் குறைவு. ஆனால் எங்கள் ஒழுங்கையில் அந்தக் கிழமை ஒரு வீட்டிலும் குப்பைப் பை வெளியே வரவில்லை.

மற்றப் பதிவுகளை உங்களுக்கும் தெரியும். கல் நடுகிறார்கள், நாடா வெட்டுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள். "தவிசாளரின் பணிப்புரைக்கமைய" என்று தொடங்கும் எல்லாப் பதிவும் "மேற்கொள்ளப்பட்டது" என்றுதான் முடியும். யார் செய்தார், எவ்வளவு செலவு, எப்போது முடியும் என்பது இருக்காது. பிள்ளைகள் கட்டுரையில் இப்படி எழுதினால் நான் சிவப்புப் பேனையால் வட்டம் போடுவேன்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒக்டோபரில் ஒரு பதிவு. எங்கள் பக்கத்துக் கான்கள் துப்புரவு செய்யப்பட்டதாக ஆறு படங்களோடு போட்டிருந்தார்கள். துப்புரவு நடந்தது உண்மை. ஆட்கள் வந்தார்கள், சேற்றை அள்ளினார்கள். அள்ளிய சேற்றைக் கானின் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனார்கள். மூன்று நாளில் மழை வந்து அதையெல்லாம் திரும்பக் கானுக்குள்ளேயே இறக்கிவிட்டது. தண்ணீர் தேங்கியது. இரண்டு வீடு தள்ளி ஒரு சின்னப் பிள்ளைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், சுகமாகி வந்துவிட்டது. அந்தக் கானில் இருந்துதான் நுளம்பு வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. டெங்கு நுளம்பு சிரட்டையிலும் பூச்சாடியிலும் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான் அதிகம் பெருகும், அது நம்முடைய வளவுக்குள் இருக்கிற பிரச்சினை. ஆனால் அந்த நேரம் மனம் பொறுக்கவில்லை. படம் எடுத்து, "அள்ளிய சேற்றை எப்போது ஏற்றுவீர்கள்?" என்று அந்தப் பதிவின் கீழே கொமன்ட் போட்டேன். அவ்வளவுதான்.

அரை மணித்தியாலத்தில் இருபது பதில் வந்தது. டீச்சர் எந்தக் கட்சி? போன சபையில் ஏன் கேட்கவில்லை? பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை? ஒருவர் தாபன விதிக்கோவையைச் சொல்லி, அரச ஊழியர் இப்படி எழுதலாமா என்று கேட்டிருந்தார். இரவு எங்கட இவருக்கு யாரோ கோல் எடுத்து, பகிடி மாதிரி, "உங்கட டீச்சருக்கு இடமாற்றம் வேணுமாமே" என்றார்களாம். மேயர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைப் பார்த்தாரோ தெரியாது. அவருக்கு லைக் போடுகிறவர்கள்தான் இவ்வளவும்.

நான் கொமன்டை அழித்துவிட்டேன்.

அடுத்த நாள் தரம் 9 வகுப்பு. உள்ளூராட்சி சபையின் வேலை என்ன என்ற பாடம்: பொதுச் சுகாதாரம், பொது வழிகள், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள். முன் வாங்கில் இருக்கிற பிள்ளை ஒருவர் கை தூக்கி, "டீச்சர், ராத்திரி நீங்க கேட்டது பொதுச் சுகாதாரம்தானே, ஏன் அழிச்சீங்க?" என்று கேட்டார். போனில் ஏதோ பிழை என்று சொல்லிச் சமாளித்தேன். பொய். இருபது வருடம் படிப்பித்ததில் பிள்ளைகளிடம் பொய் சொன்ன நாட்கள் சில இருக்கலாம், இது மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

நவம்பர் கடைசியில் டித்வா வந்தது. எங்கள் பக்கம் கரண்ட் போனது, பிறகு சிக்னலும் போனது. மேயரின் பக்கம் போனுக்குள் செத்துக் கிடந்தது. உம்மா வழமைபோல கேட்டா, வாசிக்க ஒன்றுமில்லை. அப்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான் பேசியது. எந்த வீதியால் தண்ணீர் குறுக்கே பாய்கிறது, யாரும் கடக்க வேண்டாம், எந்தப் பாடசாலை திறந்திருக்கிறது, சமைத்த சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஜெனரேட்டரில் நேரத்துக்கு நேரம் அறிவித்தார்கள். அதற்கு முந்திய வருடம், 2024 நவம்பர் 26இல், மாவடிப்பள்ளியில் மதரஸா விட்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள் உழவு இயந்திரத்தோடு வெள்ளத்தில் அடிபட்டுப் போனதை இந்தக் கரையோரத்தில் யார் மறப்போம்? "அந்தப் பாதையால் போகாதீங்க" என்ற ஒரு வரிக்கு எவ்வளவு பெறுமதி என்று நமக்குத் தெரியும்.

அந்த இரண்டு நாளும் மேயர் எங்கே இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வெள்ளத்தைக் கடலுக்கு விட முகத்துவாரம் வெட்டிய இடத்தில், ஜேசிபிக்குப் பக்கத்தில், நனைந்துகொண்டு நின்றிருக்கிறார். அதற்கு ஒரு படமும் இல்லை. எடுத்திருந்தாலும் போட சிக்னல் இல்லை. அவர் வந்ததில் இருந்து செய்த வேலையில் பெரிய வேலை அதுதான் என்பது என் அபிப்பிராயம். பக்கத்தில் மட்டும் அது இல்லை.

மேயர் அவர்களே, இந்தப் பதிவை யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள். நாடா வெட்டும் படம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு மாதம் ஒரு தரம் கணக்கும் போடுங்கள். சோலைவரி எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு நிலுவை, குப்பைக்கு எவ்வளவு போனது? எந்த வீதி உங்களுடையது, எது வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, எது மாகாண சபையுடையது என்ற பட்டியலையும் போட்டால் உங்களுக்கே பாதி ஏச்சுக் குறையும். பிரதான வீதிக் குழிக்கும் சனம் உங்களைத்தான் ஏசுகிறது. செய்ய முடியாததை முடியாது என்று எழுதுங்கள். அந்த நாலு வரிப் பதிவைப் போல. பேஸ்புக் இல்லாதவர்களுக்காக அதையே ஒரு தாளில் அடித்து, ஜும்ஆவுக்கு முன்னர் பள்ளிவாசல் பலகைகளில் ஒட்டச் சொல்லுங்கள். பெண்கள் பார்க்க சந்தைப் பக்கமும் ஒன்று.

கேட்கிற நமக்கும் ஒன்று இருக்கிறது. போன வருடச் சோலைவரியை நான் கட்டவில்லை. மறதி என்று சொல்லலாம், உண்மையில் அலட்சியம். முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் பத்து வீதம் கழிவு உண்டு. திங்கட்கிழமை போய் நிலுவையோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். கட்டிய துண்டு கையில் இருந்ததாலோ என்னவோ, அதே கவுன்டரில் ஒரு கடிதமும் கொடுத்தேன். கானில் அள்ளிய சேற்றை ஏற்றுவதற்கு ஏற்பாடு என்ன, அந்த வேலைக்குச் செலவு எவ்வளவு என்று இரண்டே கேள்வி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கிறேன் என்று எழுதியிருந்தேன். கவுன்டரில் இருந்த தம்பி சிரித்துக்கொண்டே வாங்கி, என் பிரதியில் திகதி முத்திரை அடித்துத் தந்தார். பதினாலு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை தரம் 9க்கு அந்த முத்திரையைக் காட்டினேன். போனில் பிழை எதுவும் இருக்கவில்லை, எனக்குத்தான் பயமாக இருந்தது என்பதையும் சொன்னேன். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. முத்திரையில் இருந்த திகதியைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டார். நாள் எண்ணப் போகிறார் போல.

கானின் இன்றைய படம் முதல் கொமன்டில் இருக்கிறது. இந்த முறை அழிக்க மாட்டேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.