உப்புக் கரித்த துணி

ஓய்வுபெற்ற நாளன்று ஓர் இளம் சகா மேடையில், "சார் தர்மாமீட்டரை எட்டிப் பார்த்தே முப்பது வருஷத்தை ஓட்டிட்டார்" என்றாராம். கூட்டம் சிரித்தது. சென்னையில் வானிலை நோக்கராக இருந்த இவருக்கு அது இன்னும் ஆறவில்லை.

"எத்தனை தர்மாமீட்டர்னு அவனுக்குத் தெரியுமா?" என்று தொடங்கி, உலர் குமிழ், ஈரக் குமிழ் என்று பேசிக்கொண்டே போகிறார். எதிரே இருப்பவருக்கு ஸ்டீவன்சன் பெட்டி தெரியும் என்றே நினைப்பு! (தர்மாமீட்டர்களை வைக்கும் காற்றோட்டமான வெள்ளை மரப்பெட்டி அது.) ஒரு குமிழில் மஸ்லின் துணி சுற்றி, திரி வழியே நீர் ஊற விடுவார்கள். காற்று வறண்டிருந்தால் நீர் விறுவிறுவென ஆவியாகும், குமிழ் குளிரும். இரண்டு அளவுக்கும் உள்ள இடைவெளிதான் இவருக்குக் காற்றின் ஜாதகம்.

மே, ஜூனில் சென்னைக்காக இரண்டு காற்றுகள் மல்லுக்கட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டுக் காய்ந்து வருவது ஒன்று. வங்கக்கடலில் இருந்து வருவது இன்னொன்று. மதியம் உலர் குமிழில் 41, ஈரக் குமிழில் 25 என்று நின்ற எண்கள் கடல்காற்று நுழைந்ததும் 34, 28 என்று ஆகலாம். சூடு தணியும், உடம்பு பிசுபிசுக்கும். மேற்குக் காற்று விடாப்பிடியாக நின்றால் கடல்காற்றுக்கு வழி கிடைக்காது. 2003 மே 31 அன்று நகரம் 45 டிகிரியைத் தொட்டது அப்படியொரு வறண்ட கோடையில்தான்.

இந்தக் கணக்கையெல்லாம் கெடுப்பது துணி. கடலோர உப்பும் தூசியும் படிந்தால் நீர் சரியாக ஆவியாகாது. ஈரக் குமிழ் கூட்டிக் காட்டும். வறண்ட காற்று கடல்காற்றாக வேஷம் போடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூத்த நோக்கர் ஒருவர் காலை 8.30 பதிவைப் பார்த்த மாத்திரத்தில், "துணி மாத்தினியா?" என்றார்.

"நேத்துதான் சார்."

பெரியவர் பெட்டியைத் திறந்து, துணியைக் கழற்றி நீட்டினார். "நாக்குல வச்சுப் பாரு."

கரித்தது.

அதன்பின் முடிச்சுப் போடக் கற்கவே இவருக்கு மாதங்கள் பிடித்தன. இறுக்கிக் கட்டினால் நீர் ஏறாது. தளர்ந்தால் துணி குமிழை விட்டு விலகும். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் பாழ். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் பெரியவர் அன்று முழுக்கப் பேசமாட்டார்.

இப்போது தானியங்கிக் கருவி ஈரப்பதத்தைத் தானே சொல்கிறது. நல்லதுதான் என்கிறார், அரைமனதாக. "அதுலயும் உப்பு படியும்ல? யார் போய்த் துடைக்கிறாங்க?"

பேரன் கைப்பேசியைக் காட்டி "38 டிகிரி தாத்தா" என்கிறான்.

"எந்தக் காத்தோட 38?"

பையன் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விடுகிறான்.