கடைசிப் பத்தி

ராதா நகரில் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்தால் கீழ்வீட்டுக் கூடம் அப்படியே தெரியும். ஜன்னல் திட்டில் தண்ணீர் பாட்டில்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, தெருப் பெயரும் தேதியும் எழுதியிருக்கிறது. எல்லாம் அக்கம்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர், போர்வெல் தண்ணீர்.

எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கும் பேத்தி தரையில் சம்மணமிட்டு, மடியில் லேப்டாப்போடு இருக்கிறாள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்ந்த தாத்தா ஈசிசேரில். சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டை இது. தாத்தா அந்தத் தொழிலின் கடைசித் தலைமுறையில் ஒருவர்.

எக்செல்லில் ஒவ்வொரு வரியும் ஒரு கிணறு, ஒவ்வொரு பத்தியும் ஒரு சோதனை. டிடிஎஸ் (கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவு), கடினத்தன்மை, குளோரைடு, சோடியம். கடைசிப் பத்தி குரோமியம். வேதியியல் அளவீடுகளைப் புள்ளியியலால் ஆராயும் கீமோமெட்ரிக்ஸில் அவளுக்கு இது முதல் பாடம். 1971இல் ஸ்வீடனின் ஸ்வாந்தே வோல்ட் அந்தப் பெயரைச் சூட்டினார். அவள் போட்டுப் பார்க்கும் பிசிஏ (முதன்மைக் கூறு பகுப்பாய்வு) கணக்கு அதைவிடப் பழையது, 1901இல் கார்ல் பியர்சன் தந்தது. பல பத்திகளை இரண்டு மூன்று திசைகளுக்குள் சுருக்கி, எது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று காட்டும்.

படம் வந்தது. டிடிஎஸ் ஒன்றே நீளமாக நீட்டிக்கொண்டு நிற்க, குரோமியம் நடுப்புள்ளியில் ஒடுங்கிக் கிடந்தது.

"இது ஒண்ணுமே சொல்லல தாத்தா. எடுத்துடட்டுமா?"

அழிப்பதற்காக அவள் தேர்ந்தெடுக்க, கடைசிப் பத்தி முழுக்க நிறம் மாறியது. எனக்குப் பகீரென்றது. குரோம்பேட்டைத் தண்ணீர்க் கணக்கிலிருந்து குரோமியத்தை எடுப்பதா?

"எவ்ளோ இருக்கலாம்மா அது?"

"லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்."

"குளோரைடு?"

"250."

"அப்போ ரெண்டையும் ஒரே படியால அளந்தா எப்படி?"

விரல் நின்றது. நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அந்தப் பத்தியின் சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுத்தாள். இனி எல்லாப் பத்திக்கும் ஒரே எடை. இந்தப் பாடத்தின் உயிரே இந்த ஒரு படிதான் என்பேன். இதைத் தாண்டிக் குதித்தால், பெரிய எண்ணின் இரைச்சலில் சின்ன எண் செத்துப்போகும்; ஆபத்து பல சமயம் சின்ன எண்ணில்தான் இருக்கும்.

மறுபடி படம். டிடிஎஸ், குளோரைடு, சோடியம் மூன்றும் ஒரே கட்டாக ஒரு பக்கம். குரோமியம் தனக்கென்று வேறு திசையில்.

தாத்தா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "இது உப்பும்மா. பச்சைத்தோல் அழுகாம இருக்க மூட்டை மூட்டையா உப்பு போடுவோம். ஊற வச்சா அத்தனையும் தண்ணியோட போயிடும். குரோம் அப்புறம்தான், வேற டிரம்மு."

"சாக்கடையிலயும் குளோரைடு வரும் தாத்தா, ஷாப்புதான்னு சொல்லிட முடியாது. குரோமியம் பெரும்பாலும் மண்ணுல ஒட்டிக்கும், உப்பு ஓடிடும்." சொல்லிக்கொண்டே இரண்டு பேர் சொன்னதையும் எழுதினாள்.

திரையில் ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தை விட்டு ஓரமாக நின்றது. அது எந்தக் கிணறு என்று தேடி, அந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். தாத்தா டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பளிங்கு மாதிரி இருந்தது.

"அளந்ததுல தப்பா, தண்ணியிலயே இருக்கானு தெரியல. நாளைக்கு மறுபடி எடுக்கணும்" என்றாள்.

காலி பாட்டில் ஒன்றைக் கழுவிச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள். தாத்தா வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்து, விரல் நுனியில் ஒட்டி நீட்டினார்.