நாலு ஓட்டை பொருந்தினால் போதுமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. கார், வேன் வைத்திருப்பவர்களும் பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்பும் பெற்றோரும் நேரமெடுத்து வாசியுங்கள்.

நாங்கள் நான்கு ஆசிரியர்கள். 2022இல் கியூஆர் காட்டிப் பெற்றோல் அடித்த காலத்திலிருந்து ஒரே காரில்தான் ஹற்றனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைப் பக்கம் உள்ள தோட்டப் பாடசாலைக்குப் போய் வருகிறோம். கார், எங்களில் ஒருவர் லீசிங்கில் எடுத்த வெகன் ஆர். பெற்றோலுக்கும் டயருக்கும் நால்வரும் பங்கு போடுகிறோம். அதனால் செய்த முட்டாள்தனத்திலும் நால்வருக்கும் பங்கு உண்டு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் புது வண்டி வாங்க முடியாதவர்கள் இருக்கிற வண்டியையே அழகுபடுத்திப் பார்த்தார்கள். எங்களுக்கும் அந்த ஆசை வந்தது. கொழும்புக்குப் போன ஒரு நாள், பஞ்சிகாவத்தையில் 15 அங்குல அலோய் ரிம் நான்கைப் பாவித்த டயரோடு வாங்கினோம். "நாலு ஓட்டைதானே சேர், அப்படியே பூட்டலாம்" என்றார் கடைக்காரர். ஓட்டைகள் பொருந்தின, அது உண்மைதான். பொருந்தாதவை வேறு.

முதலில் நட்டு. ரிம்மோடு தந்தவை டொயோட்டாவுக்கு உரியவை, அவற்றின் புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர். சுசுகிக்கு 1.25. இரண்டு சுற்றுச் சுற்றியதும் இறுகியது. டயர் கடைப் பையன் மெஷினை வைத்து அடித்தான், போல்ட்டின் புரி போய்விட்டது. அடுத்தது நடு ஓட்டை. வெகன் ஆரின் ஹப் 54 மில்லிமீற்றர், ரிம்மின் நடு ஓட்டை அதைவிடப் பெரிது. இடைவெளிக்கு ஒரு வளையம் போடாவிட்டால் ரிம் சரியாக மையத்தில் உட்காராது. வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்கிக்கொண்டே இருந்தது.

இதெல்லாம் சில்லறை. பெரிய பிழை டயரில் இருந்தது.

காரோடு வந்தது 155/65 ஆர் 14. இந்த எண்களை எட்டாம் வகுப்புப் பிள்ளையே வாசிக்கலாம். 155 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தின் 65 வீதம். அதாவது ஏறத்தாழ 101 மில்லிமீற்றர். ஆர் என்றால் ரேடியல். 14 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், ஆகவே 355.6. மேலும் கீழுமாக இரண்டு சுவரைக் கூட்டினால் முழு உயரம் 557 மில்லிமீற்றர்.

நாங்கள் பூட்டியது 185/55 ஆர் 15. அதே கணக்கைப் போட்டால் 584.5. கிட்டத்தட்ட 5 வீதம் கூடுதல். இப்படி மாற்றும்போது பழைய உயரத்திலிருந்து 3 வீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63இல் ஓடுவோம். ஏற்றத்தில் இழுவை குறைவு. "என்ன, கார் கிழடாகிட்டுதா?" என்று எங்களுக்குள் சிரித்தோம். அகலமும் 30 மில்லிமீற்றர் கூடியிருந்தது. அந்த டயருக்கு உள்ளே இடமில்லை.

கலாசாலையில், தொட்டுப் பார்க்கும் பொருளிலிருந்து கணக்கைத் தொடங்கு என்று படித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். அந்தக் கணக்கைப் பூட்டுவதற்கு முன் போடவில்லை. போட்டது இதற்குப் பிறகுதான்.

ஒரு மழை நாள் பின்னேரம். பனிமூட்டம். இறக்கத்தில் ஒரு முடக்கில் எதிரே பஸ். இடம்கொடுக்க ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியபோது டயர் உள்ளே உரசிப் பிடித்தது. ஸ்டியரிங் நினைத்த அளவுக்குத் திரும்பவில்லை. தார் ஓரத்தைத் தாண்டி ஒரு சில்லு இறங்கி நின்றது. கீழே தேயிலைச் சரிவு. அல்ஹம்துலில்லாஹ், நின்றது. பஸ் போனபிறகு நால்வரும் இறங்கிப் பார்த்தோம். டயரின் உள் தோள் கத்தியால் சீவியதுபோல் இருந்தது. வீடு வரும்வரை யாரும் பேசவில்லை.

15 அங்குலம் போடவே கூடாதா? போடலாம். 165/55 ஆர் 15 என்றால் உயரம் 562.5, ஒரு வீத வித்தியாசம்கூட இல்லை. வெகன் ஆரின் ஸ்டிங்ரே வகைக்குக் கம்பனியே அந்த அளவைப் போடுகிறது. நுவரெலியா டவுனுக்குள் ஓடுபவருக்கு அது நல்லது. ஆனால் பக்கச் சுவர் 91 மில்லிமீற்றராகக் குறைகிறது. பிரதான வீதியிலிருந்து லயத்துக்கு ஏறும் எங்கள் கல் ரோட்டில், குழியில் விழும் அடியை வாங்குவது அந்தச் சுவர்தான். அது மெலிந்தால் ரிம் நெளியும், டயர் புடைக்கும். ரிம்மை விற்றுவிட்டு 14க்கே திரும்பினோம். கார்க்காரருக்கு இன்னும் மனக்கவலை.

இதை எழுத வைத்தது எங்கள் கார் இல்லை. எங்களிடம் படித்த ஒரு தம்பி கே.டி.எச் வேனில் பிள்ளைகளை ஏற்றுகிறார். வேனைப் பதித்து, புது ரிம் பூட்டியிருந்தார், பார்க்க அழகு. பழக்கதோஷத்தில் டயரைக் குனிந்து வாசித்தோம். 195/65 ஆர் 15, பக்கத்தில் 91. அந்த 91 ஒரு டயர் தாங்கும் பாரத்தின் குறியீடு, 615 கிலோ. அந்த வேனுக்கு உரியது 195/80 ஆர் 15, குறியீடு 107. அதாவது 975 கிலோ. இப்போது நான்கு டயரும் சேர்ந்து தாங்குவது 2460. வெற்று வேனே கிட்டத்தட்ட இரண்டு தொன். இருபது பிள்ளைகளைத் தலைக்கு 35 கிலோவாகக் கூட்டுங்கள், 700. புத்தகப் பையைக் கணக்கில் எடுக்கவில்லை.

2023 ஜனவரி 20, நானுஓயா ரதெல்லையில் பாடசாலைப் பிள்ளைகள் வந்த பஸ், வேனிலும் ஓட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. டயர்க் கதைக்காக அதை இழுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இறக்கத்தில் வேன் போகும்போது இந்த ஊரில் யாருக்கும் வயிறு ஒருமுறை கலங்கும்.

"சேர், லீசிங் கட்டணும், நாலு டயருக்குக் காசு எங்க?" என்றார் தம்பி. நியாயமான கேள்வி. பதில் எங்களிடம் இருக்கவில்லை. ஆனால் அடுத்த நாளே அவர் பிள்ளைகளைப் பாதியாகப் பிரித்துக் காலையில் இரண்டு நடை ஓடத் தொடங்கினார். ஒரு மாதம் அப்படி ஓடிவிட்டு நான்கு டயரையும் மாற்றினார். முதல் நடைக்கு அரை மணித்தியாலம் முந்தி எழும்ப வேண்டும் என்று சில பெற்றோர் சண்டை பிடித்ததும் நடந்தது.

பாவித்த டயர் வாங்குபவர்கள் பக்கச் சுவரில் டி.ஓ.டி எழுத்துக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயது போகும்.

சந்தேகம் உள்ளவர்கள் டயரின் பக்கத்தைப் படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரையும் சேர்த்து அனுப்புங்கள். வண்டிக்குரிய அளவு அதில்தான் இருக்கிறது. இரவு மார்க்கிங் முடிந்து பதில் போடுவோம், இன்ஷா அல்லாஹ்.